மூணேகாலுக்குக் கழற்றின மாஸ்க்

அப்பா பேப்பரை மடியில் விரித்தபடியே தூங்கிப் போனார். காலை பத்து மணி. எதிரே உட்கார்ந்து நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் முடிவதற்குள் தலை தொங்கிவிட்டது. போன தீபாவளி லீவில் இது மூன்றாவது தடவை.

அப்பாவுக்கு 71. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, ஸ்லீப் ஆப்னியா. இரண்டு வருஷமாக, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையை மூடாமல் வைக்கிற சிபேப் மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார். "ராத்திரி பூரா மாஸ்க்கோடதாம்மா தூங்குறேன்" என்று சூடம் அடிக்காத குறையாகச் சொன்னார். மெஷினோடு வந்த ஆப்பையும் திறந்து காட்டினார். பச்சை வட்டம், 100க்கு 74 மார்க், கீழே ஒரு பாராட்டு வரி. சராசரி உபயோகம் 4 மணி சொச்சம் என்றது. "வயசானா அவ்வளவுதான் தூக்கம்" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்.

74 மார்க் வாங்கியவர் ஏன் பகலில் தூங்கி விழுகிறார்? ஒவ்வொரு இரவின் விவரமும் வேண்டும் என்று கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து ஒரு பக்க பிடிஎஃப் வந்தது. அதிலும் சராசரிதான். முழு விவரம் டாக்டருக்கு மட்டும்தான் தெரியுமாம். கிளினிக்கில் கேட்டால், அந்த லாகின் போன வருஷம் வேலையை விட்டுப் போன பெண்ணிடம் இருந்ததாம்.

பொங்கலுக்கு மறுபடி கும்பகோணம் போனபோதுதான் மெஷினின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருப்பதைப் பார்த்தேன். நகத்தால் நெம்பினேன். உள்ளே எஸ்டி கார்டு. அப்பா குளிக்கப் போயிருந்தார். உருவி லேப்டாப்பில் செருகினேன்.

இந்த கார்டைப் படிக்க ஆஸ்கர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு முன்னோடி ஸ்லீப்பிஹெட். ஆஸ்திரேலியாக்காரர் மார்க் வாட்கின்ஸ் எழுதியது. மெஷின் கம்பெனிகள் கார்டில் எழுதுகிற கோப்புகளின் அமைப்பைத் தானே நோண்டிக் கண்டுபிடித்து, நோயாளியே படிக்கிற மாதிரி செய்து கொடுத்தார். 2019இல் அவர் அதைக் கைவிட்டபோது, அதே நிரலை எடுத்து வேறு தன்னார்வலர்கள் ஆஸ்கர் என்று தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கப்பா பகலில் முழித்திருப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

திரையில் அப்பாவின் மூச்சு. இழுக்கும்போது மேலே, விடும்போது கீழே என்று நொடிக்கு 25 தடவை அளந்து வரைந்த கோடு. சீராகப் போகிற அலை திடீரென்று படுத்துவிடுகிறது. 12 நொடி. இன்னோர் இடத்தில் 17. அப்புறம் ஒரு பெரிய இழுப்பு. பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்குக் கீழே என்றால் பரவாயில்லை, முப்பதைத் தாண்டினால் தீவிரம். மாஸ்க் இருந்தவரை அப்பாவுக்கு மூன்றோ நான்கோதான். மெஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் 3:14க்குக் கோடு அறுந்து போகிறது. முந்தின நாள் 3:20. அதற்கு முந்தின நாள் 3:05. அப்புறம் விடிகிற வரைக்கும் வெறும் வெள்ளை.

டிபன் சாப்பிடும்போது எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். "தினம் மூணேகாலுக்கு மாஸ்க்கைக் கழட்டிடறீங்களேப்பா, பூரா ராத்திரியும் போட்டுக்கறேன்னு சொன்னீங்க?"

அப்பா இட்லியைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். "நான் தூங்குறதையும் எட்டிப் பாக்குறியா நீ?"

மத்தியானம் வரை பேசவில்லை. சாயங்காலம் அவராகவே வந்து சொன்னார். பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். திரும்பி வந்து மாஸ்க்கை மாட்டும்போது காற்று உஸ்ஸென்று சீறும் சத்தத்தில் அம்மா முழித்துக்கொள்கிறாள். முழித்தால் அவளுக்கு மறுபடி தூக்கம் வராது. "அவளாவது தூங்கட்டும்னுதான்."

டாக்டரிடம் சொன்னோம். மாஸ்க்கைக் கழற்றவே வேண்டாம், மெஷினை நிறுத்திவிட்டு முன்பக்கம் குழாயை மட்டும் பிரித்துவிட்டுப் போய்வரலாம் என்று காட்டிக் கொடுத்தார். ரெண்டு நிமிஷ வேலை. 74 மார்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே தூக்க டேட்டாவை வெளி ஆப்களுக்குத் திறந்து விடலாமா கூடாதா என்ற பேச்சு வரும்போது 'பூட்டியே வை' கட்சியில் நான் சேர முடியாது. 'எல்லாம் திற' கட்சியிலும் சேர முடியவில்லை. அப்பா இட்லியைப் பிட்ட கையோடு பார்த்த பார்வை குறுக்கே வருகிறது.

இந்தச் சண்டை புதிதல்ல. 2009இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் ஸியோ என்று ஒரு கம்பெனி தலையில் கட்டுகிற பட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. (நம்ம ஊர் சிம் கார்டு ஜியோ இல்லை.) பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்தது. 399 டாலர். நெற்றியிலிருந்தே மூளை அலையைப் பிடிக்கும். இப்போதைய வாட்ச்கள் கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து 'ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிஷம்' என்று ஊகிக்கின்றன. மணிக்கட்டிலிருந்து மூளை ரொம்ப தூரம். ஸியோ அந்த வகையில் நேர்மையான பொருள். அதைவிட நேர்மை, டேட்டாவைக் கையாண்ட விதம். வெளி டெவலப்பர்களுக்கு ஏபிஐ கொடுத்தது, அதாவது அவர்கள் ஆப் கம்பெனியிடமிருந்து நேராக டேட்டாவை எடுத்துக்கொள்கிற குழாய். உபயோகிப்பவருக்கு எக்செல்லில் திறக்கிற கோப்பாக எல்லா இரவையும் கொடுத்தது. கார்டைத் தானே படித்துக்கொள்ள நிரலும் கொடுத்தது.

2013இல் ஸியோவை மூடிவிட்டார்கள். இணையதளமும் போனது. வருஷக்கணக்காகச் சேர்த்த இரவுகள் கோப்பாக இறக்கி வைத்தவர்களிடம் மட்டும் மிஞ்சின. ஏபிஐயை நம்பி ஆப் செய்தவர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. எனக்கு இதில் கிடைத்த பாடம், ஏபிஐ என்பது கம்பெனி உயிரோடு இருக்கிறவரைதான். கோப்பு நம்ம வீட்டு அலமாரி.

இதற்கு நேர் எதிராக, உடல் அசைவைக் கணக்கெடுக்கும் கருவி விற்கிற ஃபிட்பிட் கம்பெனி 2011இல் மாட்டிக்கொண்டது. உடற்பயிற்சிக் கணக்கைப் பொதுவில் காட்டுவதுதான் வழக்கமான அமைப்பாக இருந்தது. அந்தப் பட்டியலில் தாம்பத்தியமும் ஒரு 'பயிற்சி'. எத்தனை நிமிஷம் என்பதுவரை கூகுள் தேடலில் வந்து நின்றது. சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கணக்கில் என் பெயரை வைத்துப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

தூக்க டேட்டாவை வெறும் தூக்கம் என்று நினைப்பதில்தான் கோளாறே. எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை தடவை எழுந்தாய், நாடி எப்படி இருந்தது என்று ஒரு மாதம் வரிசையாகக் கொடுங்கள். நைட் ஷிஃப்ட் போகிறவர் யார், கைக்குழந்தை உள்ள வீடு எது, ரமலான் மாதம் சஹருக்கு எழுகிறவர் யார், சனிக்கிழமை ராத்திரி குடிக்கிறவர் யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். குடித்த இரவில் நாடி இறங்காது. அவ்வளவுதான் விஷயம்.

2014 ஆகஸ்ட் 24, அதிகாலை 3:20க்குக் கலிபோர்னியாவின் நாபாவில் 6.0 அளவு நிலநடுக்கம். ஜாபோன் என்ற பட்டை கம்பெனி உடனே ஒரு வரைபடம் வெளியிட்டது. மையத்திலிருந்து 15 மைலுக்குள் பட்டை கட்டியிருந்தவர்களில் 93 சதவீதம் பேர் சடாரென்று முழித்திருக்கிறார்கள். 45 சதவீதம் பேர் அப்புறம் தூங்கவே இல்லை. பார்க்க அழகான படம், மறுக்க மாட்டேன். பெயர், முகவரி எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒரு ஊரே திடுக்கிட்டு எழுந்ததை எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் நிமிஷக் கணக்கில் பார்க்க முடிகிறது என்பதும் அதே படம்தான். ஜாபோனும் 2017இல் மூடப்பட்டது. ஃபிட்பிட்டை 210 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கி 2021 ஜனவரியில் முடித்தது. பத்து வருஷத்துக்கு ஐரோப்பாவில் இருப்பவர்களின் உடல்நலத் தகவலை விளம்பரத்துக்குத் தொடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை போட்டது. அப்புறம்? கணக்குப் போட்டுப் பாருங்கள், ரொம்ப தூரத்தில் இல்லை.

அப்பாவின் கதைக்கு நெருக்கமான இன்னொன்று. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் சிபேப் மெஷின் தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், ஒரு 30 நாளில் 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். மெஷினே மோடம் வழியாகக் கணக்கு அனுப்பிவிடும். எங்கப்பா அங்கே இருந்தால் பாஸாகியிருப்பார். பதினொரு மணிக்குப் படுத்து மூணேகாலுக்குக் கழற்றுகிறவர், 4 மணி நேரம் தாண்டிவிட்டது, டிக். மூணே காலுக்குக் கழற்றினால் பாஸ், ரெண்டே முக்காலுக்குக் கழற்றினால் ஃபெயில். ஏன் கழற்றினார் என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. பக்கத்தில் ஒரு மனுஷி தூங்குகிறாள் என்பது மெஷினுக்குத் தெரியாது.

நம்ம ஊரில் நிலைமை என்ன? ஐரோப்பாவில் 2018இலிருந்து, ஒருவர் தன் தகவலைக் கம்ப்யூட்டர் படிக்கிற வடிவத்தில் கேட்டு வாங்கி இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போக உரிமை உண்டு. நம் 2019 தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவிலும் அந்த உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் காணோம். சுருக்கம் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். 'என் இரவுகளை என் கையில் கொடு' என்று கேட்க வழியில்லை. எனக்கு வந்த அந்த ஒரு பக்க பிடிஎஃப், சுருக்கம் என்ற கணக்கில் சேர்ந்துவிடும் போல.

வெளி ஆப்பை இணைக்கும்போது வருகிற அனுமதித் திரையைப் பார்த்திருப்பீர்கள். தூக்கம், நாடி, எடை, மாதவிடாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். நல்ல ஏற்பாடுதான். மேலேயே 'எல்லாம் ஆன்' என்றும் ஒரு பட்டன். நம்மில் எத்தனை பேர் அதைத் தாண்டிக் கீழே போகிறோம்? அலாரம் வைக்கிற ஆப்புக்கு என் மாதவிடாய்த் தேதி எதற்கு? அனுமதியைத் திரும்ப எடுத்தாலும் இனிமேல் போவதுதான் நிற்கும். ஏற்கெனவே போனது போனதுதான்.

நான் கேட்பது பெரிசில்லை. டெவலப்பருக்குக் கொடுக்கும் முன், தூங்கினவருக்கு முழுசாகக் கொடு. மார்க் இல்லை, கோடு. கேட்காமலே, காசில்லாமல், கோப்பாக. அதற்குப் பிறகு அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ கொடுக்கட்டும். ஆராய்ச்சிக்குக் கொடுக்கட்டும், ஆஸ்கர் மாதிரி ஏதாவது செய்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும், யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் பூட்டட்டும். இந்த வரிசை தலைகீழாக இருக்கிற வரை 'ஓப்பன் டேட்டா' என்று கம்பெனிகள் மேடை போட்டுப் பேசுவதில் எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை.

'தூங்கினவருக்கு' என்கிறேன். மகளுக்கு என்று சொல்லவில்லை. அதை அப்பாதான் புரிய வைத்தார். இப்போது நான் ஊருக்குப் போகும்போது கார்டை அவரே உருவி, பழைய எச்எம்டி வாட்ச் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். லேப்டாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது என்னம்மா, இங்க ஏன் இப்படி ஏறியிருக்கு" என்று தன் மூச்சைத் தானே விசாரிக்கிறார். ஒரு இரவில் ஒன்றரை மணிக்கு வெள்ளையாக இருந்தது. "அன்னிக்குக் கரண்ட் போச்சு" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "கரண்ட் எல்லாம் போகல, கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தார்" என்றாள்.

சித்திரையில் போனபோது டப்பா வரவில்லை. நானும் கேட்கவில்லை.