கேட்ட பிறகு சொல்வோமே

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் ஐக்கியத் தம்பிகள் கைப்பிரதிக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் ஆஸ்பத்திரி ஊழியம்: நோயாளிகளிடம் கைப்பிரதி கொடுத்துச் சுவிசேஷம் சொல்லப் போவது. "அண்ணா, நீங்களும் வாங்க" என்றார்கள். நான் போகவில்லை. காரணத்தை அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இருபது வயதில் நானும் அதே கட்டோடு வார்டு வார்டாகப் போனவன்தான். ஒருநாள் எலும்பு முறிவு வார்டில், கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர். காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினேன். அவர் கண்ணை மூடியே இருந்தார். மனம் உருகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். முடித்ததும் கண்ணைத் திறந்து, "தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைக்கிறியா? கை எட்டல" என்றார். அன்று சாயங்காலம் ஜெபக் கூட்டத்தில், ஒரு ஆத்துமா கண்ணீரோடு வசனத்தைக் கேட்டது என்று சாட்சி வேறு சொன்னேன். கண்ணீர் என் சொந்தச் சேர்க்கை.

எழுந்து போக முடியாத ஆளாகப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன்.

இப்படிச் சொன்னால் உடனே சட்டத்தைக் காட்டுவார்கள். சரி, அரசியலமைப்பின் 25ஆவது பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமையும் இருக்கிறது. அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் இருக்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அந்தப் 'பரப்ப' என்ற சொல்லே வேண்டாம் என்று சிலர் வாதிட்டார்கள். அது இருக்கட்டும் என்று பேசியவர்களில் இந்துவான டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். 14 ஆண்டு கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். மதம் மாறச் சொல்லி அவரைத் துரத்தாமல் பாடம் மட்டும் நடத்திய வாத்தியார்கள், தங்களுக்கே தெரியாமல் நமக்காக வாதாடியிருக்கிறார்கள்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் சொல்கிறோம். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி விசாரித்து விசாரித்து 1713இல் ஒரு நூலையே அவர் எழுதி முடித்ததைச் சொல்வதில்லை. ஜெர்மனியில் ஹாலேயிலிருந்த மிஷன் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அவரும் காரசாரமாகத் தர்க்கம் செய்தவர்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கத் தெரிந்தவர். பக்கத்து வீட்டில் ஆடி மாதம் ஏன் கூழ் ஊற்றுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1 பேதுரு 3:15 நமக்கெல்லாம் மனப்பாடம். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லச் சொல்கிறது. நாம் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டோம், கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

சித்தப்பா இறந்துபோன அந்த வருஷம், மாடியில் குடியிருந்த அக்கா என் சித்தியிடம், "ராத்திரியெல்லாம் எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டார். "எங்க தூங்க? முழிச்சுக் கெடந்து ஜெபம் பண்ணுவேன். பாதியில ஆண்டவரைத் திட்டவும் செய்வேன்" என்றார் சித்தி. அவ்வளவுதான் அவருடைய சுவிசேஷம். அந்த அக்கா அன்றும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார், இன்றும் போகிறார். ஆனால் மகளுக்கு வலி எடுத்த ராத்திரி முதல் போன் சித்திக்குத்தான்.

அடுத்த மாதம் கூப்பிடுங்கள் தம்பிகளா, வருகிறேன். கட்டு உங்களிடமே இருக்கட்டும். எந்தக் கட்டிலில் துணைக்கு ஆள் இல்லை என்று மட்டும் நர்ஸம்மாவிடம் கேட்டு வையுங்கள்.