29 அங்குலப் பின்சக்கரத்துக்கு ஒரு டயர் கேட்டது குற்றமா?

பின்சக்கரத்துக்கு மட்டும் வேறு டயர் வேண்டும் என்று வேலூரில் ஏதேனும் ஒரு சைக்கிள் கடையில் கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மலைச்சைக்கிளின் முன் டயரும் பின் டயரும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்ற அடிப்படை உண்மையை, அந்தச் சைக்கிளைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறவர்களே கண்டுகொள்ளாமல் இருப்பதை இனிமேலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நேற்றுச் சாயங்காலம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கியர் சைக்கிள் வைத்திருக்கும் உங்களில் பலருக்கும் இது வேறு வேறு கடைகளில் நடந்திருக்கும்.

எனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொன்னேன். 29 அங்குலம், 2.25 அங்குல அகலம், நடுவில் பட்டன்கள் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) சிறியதாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும், ஓரப் பட்டன்கள் மட்டும் சற்று உயரமாக இருக்கலாம். கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வந்ததோ, பெரிய பெரிய பட்டன்கள் இடைவெளி விட்டு நிற்கும் கனத்த டயர். இது செங்குத்து இறக்கத்தில் முன்சக்கரத்தில் போட வேண்டியது, பின்னால் போட்டால் தார்ச்சாலையில் மிதித்தே களைத்துவிடுவேன் என்றேன். “பட்டன் பெருசா இருந்தாத்தான் சார் கிரிப்பு. முன்னாடி பின்னாடி எல்லாம் ஒண்ணுதான்” என்றார். ஒன்று இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். என் வாக்கியம் முடிவதற்குள் அவர் மறுபடி உள்ளே போய்விட்டார்.

இரண்டாவதாக வந்த டயரின் பட்டன்கள் சரியாகவே இருந்தன, ஆனால் பக்கச்சுவரில் 27.5 என்று அச்சிட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் அவர் சொன்ன பதில்தான் இராத்திரி முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை: “இழுத்துப் போட்டா ஏறிடும் சார்.” 27.5 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 584 மில்லிமீட்டர். 29 அங்குல ரிம்மில் அது 622. நடுவில் 38 மில்லிமீட்டர் இருக்கிறது. டயரின் விளிம்புக்குள் ஓடும் கம்பியோ வலுவான இழையோ நீளாமல் இருப்பதால்தான் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி டயர் ரிம்மிலேயே நிற்கிறது. நீளவே கூடாத ஒன்றை இழுத்துப் போடலாம் என்று, டயர் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் எந்தத் துணிவில் சொல்கிறார்?

இருந்த ஒரே 29 அங்குல டயர் நடுத்தரப் பட்டன்களும் கம்பி விளிம்பும் கொண்ட கனமான டயர். பழைய டயரில் நூல் தெரியத் தொடங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் அதையே போடச் சொன்னேன். டியூபும் புதிதாக வேண்டியிருந்தது. என் ரிம்மின் துளை பிரெஸ்டா வால்வுக்கானது, மெல்லியது. கடைப் பையன் மோட்டார் சைக்கிள் வால்வு வைத்த டியூபை எடுத்து வந்தான், அது துளையில் நுழையவில்லை. உடனே கடைக்காரர், “ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் துளையிடும் கருவியைக் கையில் எடுத்தார். என் சக்கரத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! நான் போட்ட சத்தத்தில்தான் சரியான டியூப் ஒன்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெளியே வந்தது. அது முதலிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது.

பிறகு டயரை மாட்டினார்கள். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பின்பக்கம் நோக்கி இருந்தது. கழற்றித் திருப்பிப் போடச் சொன்னேன். ஓடும்போது டயர் எந்தப் பக்கமும் சுற்றும் என்று பதில் வந்தது. சுற்றும்தான். ஆனால் ஒவ்வொரு பட்டனிலும் தரையை முதலில் தொடும் விளிம்பைச் சரிவாகச் சீவி, பின் விளிம்பைச் செங்குத்தாக விட்டிருப்பது, உருளும்போது தடை குறையவும் பிரேக் பிடிக்கும்போது மண்ணில் பதியவும்தானே? திருப்பிப் போட்டார்கள். கடைசியாகக் காற்று. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல் போல ஆகும்வரை ஏற்றினான் பையன். என் அளவுமானியில் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ காட்டியது. என் எடைக்கும் அந்த அகலத்துக்கும் 30 அளவில் இருந்தால் போதும். வழவழப்பான தார்ச்சாலையில் கெட்டியான டயர் வேகமாக ஓடும், உண்மை. கல்லும் குழியுமான பாதையிலோ அது ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னால் போக வேண்டிய உழைப்பு மேலே போய் வீணாகிறது.

முன் டயரின் வேலை திருப்புவதும், பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும். அது வழுக்கினால் ஆள் கீழே. அதனால் அங்கே பிடிமானத்துக்காக வேகத்தை விட்டுக்கொடுக்கலாம். பின் டயர் நம் எடையில் பாதிக்கு மேல் சுமக்கிறது. சுமை ஏற ஏற ரப்பர் நசுங்கி நசுங்கி மீள்கிறது, மீளும் ஒவ்வொரு முறையும் நாம் மிதித்ததில் ஒரு பகுதி வெப்பமாகிப் போகிறது. உயரமான, மிருதுவான பட்டன் என்றால் வளைந்து நெளிந்து இன்னும் அதிகமாகத் தின்கிறது. ஆகவே இலேசாக உருளும் டயர் வேண்டிய இடம் பின்சக்கரம். அது சற்று வழுக்கினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

எந்தத் தரை என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பின் டயரும் மாறும். சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பிப் பாலமதி மலை ஏறுகிறவர் பாதித் தூரத்துக்கு மேல் தாரில்தான் மிதிக்கிறார். அதன்பின் வருவது கெட்டித் தரையும் அதன்மேல் உதிர்ந்து கிடக்கும் சரளையும். இதற்கு மேக்சிஸ் ஐகான், கான்டினென்டல் ரேஸ் கிங் போன்ற சிறு பட்டன் டயர்கள் போதும். அதே பாதையில் வேகமாக இறங்கி வளைவுகளில் சாய்கிறவருக்கு நடுவில் தாழ்வாகவும் ஓரத்தில் உயரமாகவும் பட்டன் உள்ள ஷ்வால்பே ராக் ரேசர் வகை பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிஞ்சூர் ஏரிக்கரையின் களிமண்ணில் இந்த இரண்டுமே உதவாது. நெருக்கமான பட்டன்களின் இடுக்கெல்லாம் மண் அடைத்து டயர் வழவழப்பாகிவிடும், பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். அப்போது இடைவெளி விட்ட பட்டன் வேண்டும், வேகத்தைக் கேட்கக் கூடாது. பாலாற்று மணலில் பட்டன் எதுவாக இருந்தாலும் அகலமும் குறைந்த காற்றும்தான் காப்பாற்றும். ஒரே ஊரில் இத்தனை தரை இருக்க, “எல்லா ரோட்டுக்கும் ஓடும் சார்” என்று ஒரே டயரை எல்லோர் தலையிலும் கட்டுவது என்ன நியாயம்?

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? அனுபவசாலிகள் என்று பெயர் வாங்கிய சைக்கிள்காரர்கள் சிலர் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் நின்றுகொண்டு, இருப்பதிலேயே வேகமான பந்தய டயரைப் பின்னால் போடு என்று புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். பந்தய டயரின் பக்கச்சுவர் எடை குறைவதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்டது. நம் குன்றுகளின் பாறை விளிம்பில் ஒரு முறை உரசினால் கிழியும். சீமைக்கருவேல முள் ஏறினால் கேட்கவே வேண்டாம். பக்கச்சுவருக்குக் காப்பு உண்டா, ரப்பர் கெட்டியா மிருதுவா, ரப்பருக்கு அடியில் இருக்கும் உறை நூல் எப்படிப்பட்டது என்று யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? இணையத்தில் வாங்கலாம் என்றால், விற்பனைப் பக்கத்தில் டயரின் நிறம் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது, 57-622 என்ற ஒற்றை அளவை (57 மில்லிமீட்டர் அகலம், 622 ரிம் விட்டம்) காணோம்.

முள்ளுக்குப் பயந்து டியூப் இல்லாத டயருக்கு மாறி, உள்ளே துளையைத் தானே அடைக்கும் அடைப்புத் திரவம் ஊற்றினால் நிம்மதி என்று நினைத்தால் அங்கும் நிம்மதி இல்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் இந்த ஊர் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் உலர்ந்து தோலாகிவிடுகிறது. அதைச் சொல்லி ஊற்றுகிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. போன கோடையில் வாங்கிய புட்டியில் தயாரித்த மாதம் இருந்த இடத்தின் மேலேயே விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். சுரண்டிப் பார்த்தால் அடியில் இருந்த எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. தயவுசெய்து அந்தச் சீட்டை மூடியின் மேலாவது ஒட்டுங்கள்.