விசில் பிடிக்க ஆளில்லை
மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டத்து மைதானங்களில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால், நடுவராக நிற்க ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. வெற்றிக் கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஓடியோடிப் பணம் சேர்க்கிறவர்கள், காலையிலிருந்து மழையிலும் சேற்றிலும் ஓடுகிற நடுவருக்குப் பஸ் காசும் ஒரு சோற்றுப் பார்சலும் போதும் என்று நினைப்பது எனக்கு ஆறவேயில்லை.

அதையாவது பொறுக்கலாம், வசவைப் பொறுக்க முடியவில்லை. மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கக் கோல் கம்பமே மங்கலாகத் தெரிகிற நேரத்தில், கோட்டு நடுவர்கூட இல்லாமல் ஒருவரே ஓஃப்சைட்டையும் பார்க்க வேண்டியிருக்க, தீர்ப்புப் பிடிக்காத டிவிஷன்காரர்கள், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவைச் சேர்ந்தவர்கள், மைதானத்துக்குள் இறங்கி அவருடைய தாய் தகப்பனை இழுத்துத் திட்டுகிறார்கள். அவரும் பக்கத்து லயத்து, அதாவது பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைதான். மறுநாள் அதே பஸ்ஸில் அவர்களோடுதான் அவர் வேலைக்குப் போக வேண்டும். இப்படிப்பட்டவர் அடுத்த வருடம் ஏன் வரப்போகிறார்?

ஆட்டம் தொடர்பான விடயங்களில் நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்று உதைபந்தாட்டத்தின் 5ஆம் விதி சொல்கிறது. அடிமட்டப் போட்டிகளில், வீரர் ஒருவரைத் தண்டனையாகச் சிறிது நேரம் வெளியே உட்கார வைக்கவும் 2017 முதல் இடமுண்டு. இங்கே அதைச் செய்த ஏற்பாட்டுக் குழு எதையும் நான் கண்டதில்லை. அணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் நடுவரின் பங்கை முதலில் ஒதுக்கி, போட்டி முடிந்த கையோடு கொடுங்கள். வசைபாடும் அணி சொந்தத் தோட்டத்து அணியாகவே இருந்தாலும் வெளியேற்றுங்கள்.