கடல் நாள்களுக்காகவே ஒரு கப்பல் பயணம்

கப்பல் சுற்றுலா போகப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், எத்தனை ஊர் காட்டுவார்கள் என்பதுதான் முதலில் எழும் கேள்வி. விளம்பரங்களும் அதற்கு ஏற்றாற்போல ஏழு இரவுகளில் ஆறு துறைமுகங்கள் என்று பட்டியல் போடுகின்றன. ஊர் பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எந்தக் கரையையும் தொடாமல் கப்பல் பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருக்கும் நாள்கள்தாம் இந்தப் பயணத்தின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். கப்பல்காரர்கள் அவற்றைக் கடல் நாள் என்பார்கள். அந்த நாள்களைக் குறைத்துத் துறைமுகங்களை அடுக்கிக்கொள்கிறவர்கள், பணம் கொடுத்து வாங்கியதில் மிக நல்ல பகுதியைக் கைவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நிற்பவரின் கண், கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூமியின் வளைவைக் கணக்கிட்டால், அவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதாவது சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை, கட்டடமோ மரமோ மின்கம்பியோ குறுக்கே வராமல், நின்ற இடத்திலிருந்து அவர் சுற்றிப் பார்க்கலாம். நகரத்தில் வாழும் நம் கண்கள் சுவரிலும் திரையிலும் முட்டி முட்டியே பழகியவை. அவற்றுக்கு அந்தத் தொலைவு முதல் நாளில் சற்று அந்நியமாகக்கூட இருக்கும். இரண்டாம் நாளில் கண் தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். தொலைவில் ஒரு மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத் திரையாக மழை இறங்குவதும், அது கப்பலை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதும் புலப்படும். தண்ணீரின் நிறம் வேளைக்கு வேளை மாறுவது தெரியும். வெப்பக் கடல்களில் கப்பலின் முகப்பு கிழிக்கும் அலையிலிருந்து பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தெறித்து எழுந்து, நீரைத் தொடாமல் சில விநாடிகள் மிதந்து சென்று, மறுபடி அலைக்குள் செருகிக்கொள்வதைப் பார்ப்பதற்கென்றே நான் முன்தளத்தில் ஒரு முற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். அருகில் நின்ற முன்பின் அறியாத ஒரு முதியவர், ஒவ்வொரு முறை மீன் எழும்போதும் என் தோளைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

கரையில் நாம் எடுக்கும் விடுமுறைகளில் ஓய்வுக்கென்று ஒரு நாளை ஒதுக்கினாலும், அந்த நாளில் எங்காவது போகலாமே, எதையாவது பார்த்துவிடலாமே என்ற உறுத்தல் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும். கடல் நடுவில் அந்த உறுத்தலுக்கு இடமே இல்லை, ஏனென்றால் போவதற்கு வேறு இடம் கிடையாது. அதே சமயம் நாம் தேங்கி நிற்கவும் இல்லை. நாம் படித்துக்கொண்டிருந்தாலும் உறங்கிக்கொண்டிருந்தாலும் கப்பல் மணிக்கு இருபது கடல் மைல், அதாவது ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகத்தில், நம்மை முன்னால் கொண்டு சென்றுகொண்டே இருக்கிறது. எதுவும் செய்யாமல் இருப்பதும் பயணம் செய்துகொண்டிருப்பதும் ஒன்றாகச் சேர்வது கப்பலில்தான். இப்போது பெரும்பாலான கப்பல்களில் செயற்கைக்கோள் வழியாக இணையம் கிடைக்கிறது. கட்டாயம் இல்லாதவர்கள் கடல் நாள்களிலாவது அதை வாங்காமல் இருந்து பாருங்கள் என்று உண்மையான அக்கறையோடு சொல்கிறேன்.

கடலில் நேரம்கூட வேறு விதமாக நடந்துகொள்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கும் குயின் மேரி 2 கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். இரு ஊர்களுக்கும் இடையே ஐந்து மணி நேர வித்தியாசம். விமானம் அந்த ஐந்து மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நம் உடல்மீது சுமத்திவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தும் சில நாள் நம்மைத் தூங்கவிடாமல் செய்துவிடும். கப்பல் மேற்கு நோக்கிச் செல்லும்போது கடிகாரத்தை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். ஆகவே பயணத்தில் ஐந்து நாள்களுக்கு 25 மணி நேரம் கிடைக்கிறது. உலகத்தின் உருண்டை வடிவத்தை உடல் நோகாமல் உணர்வதற்கு இதைவிட இதமான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுக நகரங்கள் கடல் வழியாக வருபவர்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. விமான நிலையத்திலிருந்து நெடுஞ்சாலை வழியாக உள்ளே நுழையும்போது அந்த நகரங்களின் முதுகைத்தான் பார்க்கிறோம். கப்பலில் அதிகாலையில் எழுந்து மேல்தளத்துக்கு வந்தால், முதலில் ஒரு கலங்கரை விளக்கம், பிறகு மலைகளின் கோடு, பிறகு கோட்டை, கோபுரம், வீடுகள் என்று ஊர் நம்மை நோக்கி மெல்ல மெல்ல வரும். அப்போது ஒரு சிறிய படகு விரைந்து வந்து கப்பலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஓடுவதைத் தவறாமல் பாருங்கள். அதில் வருபவர் அந்தத் துறைமுகத்தின் பைலட், அதாவது கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவர். அந்த நீரோட்டங்களையும் மணல்திட்டுகளையும் அறிந்தவர் அவர். படகு ஒரு அலையில் ஏறி உச்சிக்கு வரும் கணத்துக்காகக் காத்திருந்து, தொங்கும் கயிற்றேணியை எட்டிப் பிடித்துக் கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்குள் அவர் ஏறி மறைவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பல்லாயிரம் பேரைச் சுமந்து வரும் அவ்வளவு பெரிய கப்பல், தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அந்த ஒற்றை மனிதருக்காகக் காத்திருக்கிறது. எவ்வளவு மின்னணுக் கருவிகள் வந்துவிட்ட பிறகும், ஓர் ஊரின் தண்ணீரை அறிந்த மனிதர் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கப்பல் மட்டுமே காட்டக்கூடிய இடங்களும் சில இருக்கின்றன. அலாஸ்காவின் கிளேசியர் பே என்ற விரிகுடா, 1794-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் பயணக் குழு கடந்து சென்றபோது ஏறத்தாழ முழுவதும் பனியால் அடைபட்டிருந்தது. அந்தப் பனி பின்வாங்கிப் பின்வாங்கி, இன்று நூறு கிலோமீட்டருக்கும் மேல் கப்பல் உள்ளே செல்லும் அளவுக்கு வழி திறந்திருக்கிறது. தேசியப் பூங்காவாக இருக்கும் அந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. பூங்கா அலுவலர்கள் படகில் வந்து ஏறி, நாள் முழுவதும் பயணிகளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். யாரும் கரையில் இறங்குவதில்லை. கப்பல் பனியாற்றின் முன்னால் போய் நின்று, எல்லாப் பக்கத்து அறையினரும் பார்க்கும்படி மெல்லத் திரும்புகிறது. பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு சரிவது கண்ணுக்குத் தெரிந்து, தண்ணீர் எழும்பிய பிறகுதான் அதன் முழக்கம் நம்மை வந்து சேரும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே விழும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அந்தப் பனிச்சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பது உறைக்கிறது.

பனாமா கால்வாயும் அப்படித்தான். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், எட்டு முதல் பத்து மணி நேரப் பயணம். ஒரு பெருங்கடலிலிருந்து கப்பலைப் படிப்படியாக 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, ஏரியைக் கடக்கவிட்டு, மறுபக்கம் அதே போல இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் நிரப்பிக் கப்பலை உயர்த்தும் பழைய மதகுகளின் அளவுக்கென்றே கட்டப்பட்ட கப்பல்களில், இருபுறமும் சுவருக்கும் கப்பலுக்கும் இடையே அறுபது சென்டிமீட்டர் அளவுதான் இடம் இருக்கும். கீழ்த்தள பால்கனியில் நின்றால் 1914-இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாயின் ஈரச் சுவர் முகத்துக்கு எதிரே நிற்கும். அந்த ஒரு நாளைக்காக மட்டுமே அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்பத்துக்காகக் கடலில் போவது என்ற வழக்கம் பரவியதில் ஒரு கப்பல் நிறுவனத்தின் சங்கடத்துக்கும் பெரிய பங்கு உண்டு. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவு. கப்பல்கள் வேலையின்றிக் கிடந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், 1891 ஜனவரியில் அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலை 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாவாகவே அனுப்பினார். சுமார் இரண்டு மாதப் பயணம் அது. 1900-இல் இதற்கென்றே வடிவமைத்த பிரின்செஸின் விக்டோரியா லூயிசே என்ற கப்பலைக் கட்டினார்கள். பிறகு 1958-இல் போயிங் 707 ஜெட் விமானம் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகக் கப்பல் தேவை என்ற நிலை முடிவுக்கு வந்தது. போய்ச் சேர வேண்டிய கடமையிலிருந்து கப்பலுக்கு விடுதலை கிடைத்ததால்தான், போவதே இன்பம் என்ற எண்ணம் சாதாரண மக்களுக்கும் வாய்த்தது என்று நான் கருதுகிறேன்.

வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு இதைப் போன்ற வசதி வேறு எதிலும் இல்லை. ஒரு முறை பெட்டியைப் பிரித்து அலமாரியில் துணிகளை அடுக்கிவிட்டால், திரும்பும் வரை கட்ட வேண்டியதில்லை. மூட்டு வலி உள்ளவர்கள் மின்தூக்கியில் ஏறிப் போய்க் கடலைப் பார்த்து உட்காரலாம். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருக்கலாம். நடுவயதுக்காரர்கள் நூலகத்திலோ நடைபாதையிலோ நேரம் கழிக்கலாம். எல்லாரும் அவரவர் விருப்பப்படி பிரிந்திருந்துவிட்டு, இரவு உணவு மேசையில் ஒன்றாகச் சேர்ந்து அன்றைய கதைகளைப் பேசும்போது, ஒருவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுத்த களைப்பு யார் முகத்திலும் இருப்பதில்லை.

குமட்டலுக்கு அஞ்சி வராமல் இருப்பவர்கள் பலர். இன்றைய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் சிறகு போல நீளும் ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. கப்பலின் சாய்வை உணர்ந்து அவை கோணத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், பக்கவாட்டு ஆட்டம் பெருமளவு அடங்கிவிடுகிறது. அதற்கு மேலும் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். ஊஞ்சல் பலகையின் ஓரத்தைவிட நடுவில் அசைவு குறைவாகத் தெரிவதைப் போலத்தான் இதுவும். தலை சுற்றினால் அறைக்குள் படுத்துக்கிடக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

புறப்படும் நாளில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். அதை முழு மனதோடு செய்யுங்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914-இல் கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை வந்தது. 2012-இல் கோஸ்டா கான்கார்டியா விபத்தில் 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கரையை விட்டுப் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்பதுதான் கப்பலின் அவசர அறிவிப்பு. அதைக் கேட்டால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கப்பலின் புகையும் கூட்டமும் செய்யும் தீங்கைப் பற்றி எழுப்பப்படும் குற்றச்சாட்டுகளில் நியாயம் இருக்கிறது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக 2020-இல் குறைக்கப்பட்டதும், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜூதெக்கா கால்வாய்க்குள் நுழைய 2021-இல் தடை வந்ததும், அந்தக் குரல்கள் எழுந்ததால்தான். துறைமுகத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தைப் பயன்படுத்தும் கப்பல்களுக்கு நாம் முன்னுரிமை தர வேண்டும். சிறிய ஊர் ஒன்றில் ஒரே காலையில் பல கப்பல்கள் வந்து பயணிகளைக் கொட்டும் பாதைகளையும் தவிர்க்க வேண்டும். கடல் நாள்கள் மிகுந்த பயணத்தை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறையைச் சுத்தம் செய்பவரிலிருந்து இயந்திர அறைத் தொழிலாளி வரை, பல மாத ஒப்பந்தத்தில் வீட்டைப் பிரிந்து வந்து வேலை செய்பவர்களால்தான் நமக்கு இந்த ஓய்வு கிடைக்கிறது. கடல்சார் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 24 மணி நேரத்தில் அவர்களுக்குக் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு தர வேண்டும். அவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லி அழையுங்கள். இறுதியில் தரும் கருத்துப் படிவத்தில் அந்தப் பெயர்களை எழுதுங்கள். பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அது உதவக்கூடும்.

இப்போது பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், அட்டவணையில் 'கடலில்' என்று எழுதியிருக்கும் வரிகளை முதலில் எண்ணிப் பாருங்கள். ஏழு இரவுப் பயணத்தில் அப்படிக் குறைந்தது இரண்டு நாள்களாவது இருக்கட்டும். துறைமுகங்களில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதையும் பாருங்கள். இருட்டில் வந்து இருட்டில் கிளம்பும் கப்பலில் ஊர் கடலிலிருந்து எழுவதைப் பார்க்க முடியாது. நேரம் உள்ளவர்களுக்கு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் கரீபியனுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே இடம் மாறும்போது கிடைக்கும் ஒருவழிப் பயணங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன். தொடர்ச்சியாகப் பல கடல் நாள்கள் வரும், நாள் கணக்கில் பார்த்தால் கட்டணமும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். திரும்பி வர விமானச் சீட்டும், இரு கரைகளிலும் உள்ள நாடுகளின் விசாவும் தேவைப்படும் என்பதால், அவற்றை விசாரித்துவிட்டுக் கப்பலுக்கு முன்பணம் கட்டுங்கள்.