மார்மைட்ட ஜாம் மாதிரி தடவிட்டு அப்புறம் திட்டாதீங்க

தென்னாப்பிரிக்கா டர்பன் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல நேத்து நைட் மறுபடியும் அதே பஞ்சாயத்து. ஊர்ல இருந்து புதுசா வந்த அண்ணன் ஒருத்தர், பையன் கேக்குறான்னு மார்மைட் (பிரெட்ல தடவுற கரும்பழுப்பு உப்புப் பசை) வாங்கி ரெண்டு பிரெட்லயும் அப்பி ஸ்கூலுக்கு குடுத்துவிட்டு, மிச்சத்த தானும் ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு, "இதெல்லாம் மனுஷன் திங்கிறதா"ன்னு ஒரே பொலம்பல். ஏன்ணே, ஆவக்காய கரண்டியால அள்ளித் தின்னா மட்டும் நல்லாவா இருக்கும்?

என் கட்சி இதுதான். பிரெட்டுக்குன்னு பெருசா ஒரு ருசியும் கிடையாது, தயிர்சாதம் மாதிரி சாதுவானது அது, அதுக்குள்ள போறது ஊறுகாய் வேலை பாக்கணும். உப்பு, புளிப்பு, உறைப்பு, கொஞ்சம் நாத்தம்கூட இருக்கலாம், தப்பில்ல. மார்மைட்ல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு உப்பு தாங்க, அத எப்படி அப்ப முடியும்? டோஸ்ட் சூடா இருக்கும்போதே வெண்ணெய் போட்டு, அது உருகினதும் கத்தி நுனில துளி எடுத்து இழுத்துவிடணும், பிரவுன் கலருக்கு நடுவுல அங்கங்க மஞ்சள் தெரியணும், மேல ஒரு ஸ்லைஸ் செடார் சீஸ், பொடியா நறுக்கின பச்சமிளகாய், அவ்வளவுதான். இப்படி சாப்பிட்டும் பிடிக்கலன்னா சரி, உங்க நாக்கு உங்க இஷ்டம்.

இன்னொன்னு, அது ஒண்ணும் கெமிக்கல் இல்ல. பீர் காய்ச்சினதுக்கு அப்புறம் மிஞ்சுற ஈஸ்ட்ல இருந்து எடுக்குறது, 1902ல இங்கிலாந்துல ஒரு பீர் ஊர்ல ஆரம்பிச்சது. இங்க 2020 லாக்டவுன்ல சரக்கு விக்கக்கூடாதுன்னதும் பீர் கம்பெனி ஓடல, ஈஸ்ட் வரல, கடைல மார்மைட் ஷெல்ஃப் காலி. குடிக்காத வீட்டு டிபன் பாக்ஸ்லயும் போய் இடிச்சுது அந்தத் தடை! அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1928ல லூசி வில்ஸ்னு ஒரு டாக்டரம்மா பம்பாய்க்கு வந்து மில்லுல வேலை பாத்த கர்ப்பிணிப் பொண்ணுங்களோட ரத்தசோகைய ஆராய்ச்சி பண்ணுச்சு, மார்மைட் குடுத்தா குணமாகுதுன்னு 1931ல எழுதுச்சு. பின்னால ஃபோலேட்னு கண்டுபிடிச்சாங்களே, ஆஸ்பத்திரில மாசமா இருக்கும்போது மாத்திரையா குடுக்குறாங்களே, அந்தச் சத்துதான் அதுல இருந்தது. நம்ம மில் பொண்ணுங்க சாப்பிட்டுத் தேறின சாமான், வெள்ளக்காரன் சாப்பாடுன்னு ஒதுக்குறீங்க.

புரட்டாசி விரதம் இருக்குறவங்க ஒண்ணு கவனிங்க, மார்மைட் சைவம், பக்கத்துலயே அதே கலர்ல நிக்கிற போவ்ரிலோட பிறப்பே மாட்டிறைச்சிச் சாறுல. லேபிள படிக்காம கூடைல போடாதீங்க.

அசைவத்துல, ஃபிஷ் பேஸ்ட் பிரெட்டுன்னா இங்க பொறந்து வளந்தவங்களுக்கு உசுரு. ரெட்ரோங்கிற ஃபிஷ் பேஸ்ட் பிராண்ட நிறுத்திட்டாங்கன்னு நியூஸ் வந்தப்ப எங்க தெருவுல துக்க வீடுதான். நம்மாளுங்க மூக்கப் பொத்துறாங்க, அதுவும் கருவாட்டுக் குழம்புக்கு பறக்குறவங்க! ஆனா என்னைக் கேட்டா அதவிட மேல டின் ஃபிஷ் சட்னி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி லக்கி ஸ்டார் டின்ன உடைச்சு, முள்ள எடுத்துட்டு, வெங்காயம் பச்சமிளகாய் வதக்கி, வாசல்ல நிக்கிற கறிவேப்பிலை மரத்துல ஒரு கொத்து உருவிப் போட்டு வத்தவிடுவாங்க. சுடச்சுட வேணாம், மறுநாள் ஆறினத பிரெட்டுக்கு நடுவுல வச்சுப் பாருங்க, புளிப்பு ஏறி நிக்கும்.

பிரெட்டுக்குள்ள உருளைக்கிழங்கு சிப்ஸா (மொறுமொறு சிப்ஸ் இல்ல, நீளமா வெட்டிப் பொரிச்சது), மாவுக்குள்ள மாவான்னு சிரிக்கிறாங்க. வினிகர் ஊத்தின சிப்ஸ், சாமி, வெறும் கிழங்கா அது? கேப்டவுன் ஏத்லோன்ல 1976ல பொறந்த கேட்ஸ்பிங்கிற நீள சாண்ட்விச்சும் சரி, ஜோகன்னஸ்பர்க் டவுன்ஷிப்ல கால் பிரெட்ட குடைஞ்சு அடைக்கிற கோட்டாவும் சரி, சிப்ஸோட மாங்கா அச்சாரும் சேந்து விழும், அதான் சூட்சுமம். ஊறுகாய்னு சொன்னேன்ல. பிரெட்ட குடைஞ்சு பீன்ஸ் கறி ஊத்துற பீன்ஸ் பன்னிக்கும் தொட்டுக்க கேரட் சம்பல் (துருவின கேரட் சாலட்) இல்லாம எவனும் சாப்பிடமாட்டான்.

பிடிக்காதது ஒண்ணு உண்டு, போலோனி, ஸ்லைஸ் போட்டு விக்கிற பதப்படுத்தின இறைச்சி. ரோஸ் கலர்ல வழவழன்னு, உப்புமில்ல உறைப்புமில்ல, பிரெட்ட விட சப்புன்னு இருக்கு. 2018 மார்ச்ல, லிஸ்டீரியாங்கிற கிருமி பரவினது அதுலதான்னு மந்திரியே சொன்னாரு, அந்த நோய்ல 200 பேருக்கு மேல போய்ட்டாங்க, அதுக்கப்புறமும் வாங்கத்தான் செய்றாங்க. ஆனா நான் ஒதுக்குறது பயத்துல இல்ல, ருசி இல்லாததால.

மிஸஸ் பால்ஸ் சட்னி பத்தி கமென்ட்ல கேப்பீங்க. பாதி ஜாம் அது, பீச் ஆப்ரிகாட் இனிப்பு, சீஸ் பிரெட்டுக்கு ஓகே. அத இட்லிக்குத் தொட்டு சாப்பிடுற ஒரு குடும்பம் எனக்குத் தெரியும், ஃப்ரெண்ட் லிஸ்ட்லயும் இருக்காங்க, அதனால அத பத்தி ஒண்ணும் சொல்லல.