பாதிப்பு நுரையீரலோடு நிற்பதில்லை

காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டாத வரை பயப்பட வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று காற்று மாசு பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஏற்க முடியவில்லை.

காற்றில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத பிஎம் 2.5 நுண்துகளைப் பொறுத்தவரை, நம் நாட்டுக் குறியீட்டில் 100 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேர சராசரி 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த அளவோ 15தான். நான்கு மடங்கு!

நான் வடசென்னையில், அனல்மின் நிலையங்கள் உள்ள எண்ணூர் பக்கம். மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் கரித்தூள் பறக்கும். ஜன்னல் கம்பியைத் துடைத்த துணி கறுத்துப் போகும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இந்தத் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்தான் நுரையீரலின் காற்றறை வரை போகிறது. அதிலும் மிகச் சிறியவை ரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன. மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடுகின்றன. நுரையீரல் புற்றுநோயும்தான்.

ஆகவே பிரஷர், சுகர், இதய நோய் உள்ள பெரியவர்களையும் தயவுசெய்து எச்சரியுங்கள். போகி அதிகாலையில் டயர் எரிகிற தெருவில் அவர்கள் வாக்கிங் போகக் கூடாது. துணி மாஸ்க் இந்தத் துகளைச் சரிவரத் தடுக்காது, முகத்தோடு ஒட்டி நிற்கிற என்95 வேண்டும். அடுத்த முறை குறியீட்டோடு பிஎம் 2.5 அளவையும் சேர்த்தே போடுங்கள்.