வில்லனுக்கும் ஒரு ஃபிளாஷ்பேக்கா?

மலேசியாவுல, எங்க சுங்கை சிப்புட்ல பசியாறப் போனா, பக்கத்து மேசைத் தம்பி புதுப்பட வில்லனுக்காக உருகுறான். "பாவம்ணே, சின்ன வயசுல அப்பா அடிச்சிருக்காரு." என் ரொட்டி சானாய் ஆறிப்போச்சு.

ரப்பர் தோட்டத்துத் திடல்ல வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுன காலத்துல, வில்லன் நடிகர் நம்பியார் கையப் பிசைஞ்சாலே பாட்டி சாபம் விடுவாங்க. நிஜத்துல ஐயப்ப பக்தராம், சொன்னா நம்ப மாட்டாங்க.

ராவணனுக்குப் பரிஞ்சு பேசுறது வேற. புலவர் குழந்தை 1946-லயே அவனை நாயகனாக்கி 'இராவண காவியம்' எழுதிட்டாரு. அதுல ஒரு வாதம் இருக்கு. இங்க? பத்துப் பேரை வெட்டிட்டு மழையில நின்னு அழுதா ஆச்சா? வெட்டுப்பட்டவனுக்கு ஃபிளாஷ்பேக் கிடையாதா?

எங்க தாத்தாவும் கங்காணிகிட்ட அடி வாங்கினவருதான். விடியுமுன்ன எழுந்து ரப்பர் பால்மரம்தான் வெட்டினாரு, ஆள வெட்டலை.

தம்பிகிட்ட சொன்னேன். "அதான்ணே தாத்தாவ யாரும் படம் எடுக்கலை"ன்னுட்டான். அவன் தேத்தண்ணிக்கும் நான்தான் காசு கட்டினேன்.